கூலியில் குறைத்த 500 ரூபாய் எங்கே போனது

2018 மே மாதம். கோயம்பேட்டிலிருந்து வந்து பாடி மேம்பாலம் ஏறும்போது கார் இழுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி அதே வேகத்தில் ஊர்கிறது. 2014 மாடல் பெட்ரோல் வண்டி, 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார்கள். மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்த பில் 16,712 ரூபாய்.

அந்த பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். கிளட்ச் செட் 5,900, கியர் ஆயில் 900. லேபரில் இரண்டு வரிகள்: கிளட்ச் மாற்ற 2,800, கியர்பாக்ஸ் கழற்றி மாட்ட 1,900. அதற்குக் கீழே இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநாசினி, வீல் அலைன்மென்ட், கன்ஸ்யூமபிள்ஸ் என்று இன்னும் ஐந்து வரிகள். அந்த ஐந்து மட்டும் 3,700 ரூபாய். லேபருக்கும் இதர வேலைகளுக்கும் 18 விழுக்காடு வரி தனி. நான் கேட்டது கிளட்ச் மட்டும்தான். ஆனால் சாவி கொடுத்த அன்று சர்வீஸ் அட்வைசர் நீட்டிய, செய்யப்போகும் வேலைகளை எழுதிய ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால் எதையும் கேட்க முடியவில்லை. அந்தக் கோபத்தில், இனி தெரு ஷெட்டுதான் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் காட்டினேன். "ரெண்டு சைடும் லோயர் ஆர்ம் போயிருச்சு சார்" என்றார் மெக்கானிக். முன்சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கை அது. ஆர்ம் ஒன்றுக்கு 1,900, கூலி 1,200 என்றார். நின்று பேசி கூலியை 700 ஆக்கினேன். 500 ரூபாய் மிச்சம் என்ற திருப்தியோடு 4,500 கொடுத்துவிட்டு வந்தேன். ஏழே மாதத்தில் அதே சத்தம் திரும்ப வந்தது. ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் கிழிந்து தொங்கியது.

இந்த இரண்டு பில்களிலும் உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்கு விளங்கியது 2020இல். கொரோனாவில் வேலை போனது. பாடி பக்கம் ஷெட் வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் ஜூலையில் கூப்பிட்டார். "சும்மா உக்காந்திருக்காத மாப்ளே, வந்து பில் போடு, கணக்கு எழுது." ஒன்பது மாதம் அந்த ஷெட்டின் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஊரடங்கில் நின்றே கிடந்த வண்டிகள் வரிசையாக வந்த நேரம் அது. பேட்டரி இறங்கியவை, எலி ஒயர் கடித்தவை, பிரேக் பிடித்துக்கொண்டவை. வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் மாமா கையில் எதுவும் மிஞ்சாததைப் பார்த்துத்தான் கணக்கை உட்கார்ந்து போட்டேன்.

ஷெட் வாடகை 22,000. பெரிய மெக்கானிக்குச் சம்பளம் 24,000. இரண்டு பையன்களுக்கு ஆளுக்கு 13,000. கரண்ட் பில் 5,000. கிரீஸ், பனியன் துணி, கம்ப்ரஸர் பராமரிப்பு, உடைகிற ஸ்பேனர், டீ எல்லாம் சேர்த்து இன்னொரு 5,000. ஆக 82,000. மாதம் 26 வேலை நாள் என்றால், ஷட்டரைத் தூக்கியதுமே ஒரு நாளைக்கு 3,150 ரூபாய் செலவு. மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். பொருள் வரக் காத்திருப்பது, வண்டியை எடுத்து நிறுத்துவது, சாப்பாடு எல்லாம் போக ஆளுக்கு ஆறு மணி நேரம்தான் காசாகிற வேலை. மொத்தம் 18 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 175 ரூபாய் வந்தால்தான் ஷெட் அசலுக்கு நிற்கும். மாமாவின் உழைப்புக்கு இதில் ஒரு பைசா கூட கிடையாது.

இப்போது ஒரு கிளட்ச் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஐந்து மணி நேரம், அதாவது 10 மணி நேரக் கூலி. அசலே 1,750. மாமா 2,500 சொல்வார். வருகிற எல்லோரும் பேரம் பேசுவார்கள், 1,800க்கு இறங்கும். ஒரு நாளில் பெரும்பங்கைத் தின்ற வேலையில் மிஞ்சுவது 50 ரூபாய். அடுத்த மாதம் அதே வண்டி ஏதோ நடுக்கம் என்று திரும்பி வந்தால், மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் செலவும் மாமாவுடையதுதான்.

அப்படியென்றால் ஷெட்டுகள் எப்படி ஓடுகின்றன? ஸ்பேர் பார்ட்ஸில்தான். ஸ்பேர்ஸ் கடைக்காரர் மெக்கானிக்குக் கழிவு கொடுப்பார். எம்.ஆர்.பி. 1,000 போட்ட பொருள் ஷெட்டுக்கு 850க்கோ 900க்கோ கிடைக்கும், வாடிக்கையாளர் பில்லில் 1,000 என்றே வரும். இதில் தவறு ஒன்றும் இல்லை. பொருளைத் தேடி வாங்கி வருவது, தவறான பொருள் வந்தால் திருப்பிக் கொடுப்பது, போட்டது கெட்டுப்போனால் மாற்றித் தருவது எல்லாம் அந்தக் கழிவுக்குள் அடங்கிய வேலைகள். மளிகைக் கடைக்காரர் லாபம் வைப்பதைப் போலத்தான்.

கழிவின் அளவு பொருளுக்குப் பொருள் மாறுவதில்தான் சிக்கல். கார் கம்பெனி பெட்டியில் வரும் பொருளுக்குக் கழிவு குறைவு. பெயரில்லாத லோக்கல் பொருளுக்கு மிக அதிகம். ஒரு நாள் ஸ்பேர்ஸ் கடையிலிருந்து ஆர்டர் எடுக்க வந்த பையன் ஒரு லோயர் ஆர்ம் பெட்டியை மேசைமேல் வைத்தான். எனக்குத் தெரிந்த பெட்டி. நான் 2019இல் வாங்கிய அதே ஆர்ம், பெட்டியில் 1,900 என்று அச்சடித்திருந்தது. ஷெட்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "850 அண்ணா." கம்பெனி ஆர்ம் எவ்வளவு? எம்.ஆர்.பி. 2,400, ஷெட்டுக்கு 2,150.

மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று அந்த மெக்கானிக்குக் கம்பெனி ஆர்ம் போட்டிருந்தால் ஒன்றுக்கு 250 கிடைத்திருக்கும். லோக்கல் ஆர்மில் 1,050. இரண்டுக்கும் சேர்த்து 2,100. நான் கூலியில் பிடுங்கிய 500ஐ அவர் நான்கு மடங்காக எடுத்துவிட்டார், நஷ்டம் என் வண்டிக்கு. அவர் செய்ததை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவரை அந்தப் பக்கம் தள்ளியதில் என் பேரத்துக்கும் பங்கு இருக்கிறது. கூலி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதில் பேரம் பேசுகிறோம். பெட்டிக்குள் இருப்பது தெரிவதில்லை, அதைக் கேட்பதே இல்லை. மட்டமான பொருளைப் போட்டால்தான் மெக்கானிக்குப் பிழைப்பு என்ற நிலையை இப்படித்தான் நாமே உண்டாக்குகிறோம்.

அதனால் நான் மாற்றிக்கொண்ட முதல் பழக்கம் இது: நியாயமான கூலியில் பேரம் பேசுவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுவேன். "கூலி நீங்க சொன்னதே இருக்கட்டும். பொருள் எந்தப் பிராண்ட், பெட்டியைக் காட்டுங்க, எம்.ஆர்.பி. பார்த்துக் கொடுக்கிறேன்." இதைக் கேட்டதும் மெக்கானிக் முகமே மாறும். முக்கால்வாசிப் பேர் அதற்குப்பிறகு நல்ல பொருளைத்தான் போடுகிறார்கள், ஏனென்றால் திரும்பி வராத வேலையைச் செய்யத்தான் அவர்களுக்கும் ஆசை.

நல்ல பொருள் என்றால் கம்பெனி பெட்டி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. மாமாவின் ஷெட் இருக்கும் பாடியிலேயே 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இருக்கிறது, 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் பிரேக் பாகங்களும் இப்படிப்பட்ட ஆலைகளிலிருந்துதான் கார் கம்பெனிகளுக்குப் போகின்றன. அதே உற்பத்தியாளர் தன் சொந்தப் பெயரிலும் கடைகளுக்குப் பெட்டி போட்டு விற்பார். கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியைவிட விலை குறைவாக இருக்கும். கிளட்ச்சுக்கு வேலியோ, லுக், பிரேக்குக்கு டிவிஎஸ் கெர்லிங், சென்சாருக்கு பாஷ் என்று மெக்கானிக்குகள் பெயர் சொல்லியே கேட்பார்கள். ஒரு மெக்கானிக்கிடம், "இந்த வண்டிக்குக் கம்பெனியிலேயே எந்த மேக் வருது?" என்று கேட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தின் மேலேயே பெரும்பாலும் உற்பத்தியாளர் பெயர் வார்ப்பில் இருக்கும். அதே மேக்கைக் கடையில் வாங்கினால் தரம் குறையாது, காசு மிஞ்சும்.

ரப்பர் புஷ், ஆயில் சீல், இன்ஜின் மவுண்ட் போன்ற சின்னச் சின்னவற்றுக்கு மட்டும் நான் கம்பெனி பெட்டியைத்தான் கேட்பேன். விலை வித்தியாசம் சில நூறுதான், ஆனால் மறுபடி மாற்றுவதென்றால் கூலி ஆயிரக்கணக்கில்.

ஒரு காலத்தில் பல கார் கம்பெனிகளின் அசல் பாகங்கள் வெளி ஷெட்டுகளுக்குக் கிடைப்பதே பாடாக இருந்தது. 2011இல் ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரின் பேரில் விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களிடமே முடக்கி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது தனிக்கதை. வண்டி வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய உத்தரவு அது என்று நினைக்கிறேன். "வெளியே இந்தப் பொருள் கிடைக்கவே கிடைக்காது" என்று யாராவது சொன்னால், பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கி ஒரு ஸ்பேர்ஸ் கடையில் விசாரித்துவிட்டு நம்புங்கள்.

பில்லில் வரி விஷயத்தில் ஏமாறுபவர்கள் நிறைய. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. 1,180 என்று அச்சடித்த பொருளுக்குப் பில்லில் 1,000 விலை, 180 வரி என்று வரலாம். 1,180 விலை, அதன்மேல் 18 விழுக்காடு வரி என்று வந்தால் அது தவறு, திருப்பிக் கேட்கலாம். கூலிக்கு இப்படி எம்.ஆர்.பி. கிடையாது, அதனால் வரி அதன்மேல்தான் வரும், "வரியோடவா, வரி தனியா?" என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று: பெரும்பாலான கார் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. முன்பு 1,280க்கு வாங்கிய பொருள், அடிப்படை விலை மாறாதிருந்தால் 1,180க்கு வர வேண்டும். பழைய பில் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி ஒரு சம்பவம். 2020 கடைசியில் ஒரு அம்மா காரைக் கொண்டுவந்தார். இன்ஜின் விளக்கு எரிகிறது, சிக்னலில் நின்றால் வண்டி ஆடுகிறது. அதற்கு முன் மூன்று இடத்தில் காட்டியிருந்தார். ஒருவர் ஸ்பார்க் பிளக் மாற்றினார், ஒருவர் இக்னிஷன் காயில், ஒருவர் ஆக்சிஜன் சென்சார். மொத்தம் 9,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது, விளக்கு மட்டும் அணையவில்லை. மாமா ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார், அப்புறம் இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம். இன்டேக் பக்கத்தில் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தது. 40 ரூபாய் ஹோஸ். மாற்றியதும் சரியாகிவிட்டது.

நான் 640 என்று பில் போட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "40 ரூபா ஹோஸுக்கு 600 ரூபா கூலியாப்பா?" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, முன்பே மூன்று இடத்தில் அடிபட்டவர் அவர். நான் அவரிடம் அந்த மூன்று பில்களையும் எடுக்கச் சொன்னேன். எதிலும் கூலி 200க்கு மேல் இல்லை. கண்டுபிடிக்கிற வேலைக்கு யாரும் காசு கேட்கவில்லை, அதனால் யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், பொருளில்தான் அவர்களுக்கு வருமானம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காசைக் கொடுத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அது சரியான பேச்சு. அன்றிலிருந்து மாமாவின் ஷெட்டில், "பார்த்துச் சொல்ல 500 ரூபாய், இங்கேயே வேலை செய்தால் கூலியில் கழித்துக்கொள்வோம்" என்று பலகை எழுதி மாட்டினோம். பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களும் உண்டு. நின்றவர்கள் இன்றும் வருகிறார்கள்.

நீங்களும் இதைக் கேட்டு வாங்கலாம். என்ன கோளாறு என்று தெரியாத நேரத்தில், "முதல்ல என்னன்னு பாருங்க, பார்த்ததுக்குக் காசு தர்றேன். எனக்குப் போன் பண்ணாம எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பொருளை நாமே இணையத்தில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது சிலர் பழக்கம். செய்யலாம். ஆனால் அப்போது மெக்கானிக் கூலியைக் கூட்டிக் கேட்டால் சண்டை போடாதீர்கள், அவருக்குக் கழிவு போய்விட்டது. பொருள் பொருந்தாவிட்டாலோ ஒரு மாதத்தில் கெட்டுவிட்டாலோ திரும்ப மாற்றும் கூலியும் நம் தலையில்தான் விழும். நான் வைப்பர் பிளேடு, ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் மட்டும் வாங்கி நானே மாட்டிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் ஷெட்டின் வழியாகத்தான்.

பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் வையுங்கள். மாற்றினார்களா என்பதற்கு அதுதான் சாட்சி. பேட்டரிக்குப் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டியிருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழையதற்கே நல்ல விலை உண்டு. பிரேக் டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்றால், டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் இத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். சில நேரம் லேத்தில் ஒரு சீவு சீவினாலே போதும்.

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், சீட், டிக்கி மூடி இவற்றுக்கு அங்கே போய்ப் பழையது வாங்குவது புத்திசாலித்தனம். கம்பெனி பெயிண்டோடு அதே நிறத்தில் கதவு கிடைத்தால் டிங்கரிங், பெயிண்டிங் செலவும் மிச்சம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கவே கூடாது. இதில் நான் கண்டிப்பு.

கம்பெனி சர்வீஸ் சென்டரைப் பற்றி எனக்கிருந்த கோபமும் அந்த ஒன்பது மாதத்தில் கொஞ்சம் தெளிந்தது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கம்பெனி நிர்ணயித்திருக்கும், அதை மணிக்கணக்குக் கட்டணத்தால் பெருக்குவார்கள். அது ஒழுங்கான முறைதான். வாரண்டியில் இருக்கும் வண்டியை நானும் அங்கேதான் விடுவேன். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அட்வைசர்களுக்கு ஃப்ளஷ், கோட்டிங், கிளீனிங் விற்க இலக்கு இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் கிலோமீட்டருக்கு நேராக அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஜாப் கார்டிலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, என் 2018 பில்லில் ஒரே வேலைக்கு இரண்டு தடவை போட்டிருந்த கூலி. இதை எனக்குக் காட்டியது மாமாதான். பழைய பில்களை ஒரு நாள் அவரிடம் நீட்டினேன். அந்த லேபர் வரிகளில் விரலை வைத்தார். "கியர்பாக்ஸை இறக்காம கிளட்ச்சை எப்படிடா மாத்துவான்? கிளட்ச் லேபர்லயே இறக்குறதும் ஏத்துறதும் சேர்ந்ததுதானே. ஒரே கியர்பாக்ஸை ரெண்டு தடவையா இறக்கினான்?" 1,900 ரூபாயும் அதன்மேல் வரியும் நான் சும்மா கொடுத்தது. ஒன்றைக் கழற்றினால்தான் இன்னொன்றை எட்ட முடியும் என்கிற வேலைகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றும்போது பெல்ட்டே ஓட்டுகிற வாட்டர் பம்ப், ஷாக் அப்சார்பர் கழற்றும்போது அதன் தலையில் இருக்கும் மவுண்ட், கியர்பாக்ஸ் இறக்கும்போது கிராங்க் பின்பக்க ஆயில் சீல். பக்கத்துப் பாகத்தைச் சேர்த்து மாற்றினால் பொருளுக்கு மட்டும்தான் காசு, அல்லது கூலி மிகக் கொஞ்சம். அதே பாகத்தை ஆறு மாதம் கழித்துத் தனியாக மாற்றப் போனால் முழுக் கூலியும் மறுபடி.

போன நவம்பரில் என் வண்டி 1,31,000 தாண்டியது, கிளட்ச் மறுபடி வழுக்க ஆரம்பித்தது. மாமாவிடம் விட்டேன். கூலி வாங்க மாட்டேன் என்றார். "உன் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?" ரெண்டு பையன், அஞ்சு மணி நேரம் என்று அவர் கணக்கையே அவருக்குச் சொல்லிக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். பில்லை அவரே எழுதினார். கிளட்ச் செட் 5,310, பெட்டியில் இருந்த அதே எம்.ஆர்.பி. கியர் ஆயில் 1,100. லேபர் 4,000, வரி 720. பின்பக்க ஆயில் சீல் லேசாகக் கசிந்திருந்தது, அதையும் மாற்றியிருந்தார், 380. மொத்தம் 11,510. ஆயில் சீலுக்கு நேரே கூலிக் கட்டத்தில் தொகை எதுவும் இல்லை. அங்கே "கிளட்ச் லேபரில் அடக்கம்" என்று எழுதியிருந்தார்.